முதற் சம்பளமும் மறுக்கும் ஆற்றலும்

ஆரையம்பதியில் வாவி மீனுக்கு விலை பேசுவதை எவரும் இழிவெனக் கருதுவதில்லை. ஆனால், அவ்வூர் இளைஞன் ஒருவன் கட்டாருக்குப் புறப்படுமுன் தன் உழைப்புக்கு விலை பேசினால், கிடைத்த வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே என்றே வீட்டார் தடுப்பர். மீனுக்குப் பொருந்தும் நியாயம் மனித உழைப்புக்குப் பொருந்தாதா?

பொருந்தும். ஆயினும், பேரம் நியாயமாக அமைவதற்கு இருதரப்பாரும் மறுக்கும் ஆற்றல் உடையவராதல் வேண்டும். தொழில் தருவோர் நீண்டகாலம் பொறுத்திருப்பர், தொழிலாளருட் பலர் ஒரு வாரமும் தாங்கார் என ஆடம் சிமித் 1776இலேயே சுட்டிக்காட்டினார். தாயின் நகையை ஈடுவைத்து முகவருக்குப் பணம் செலுத்தியவன் எங்ஙனம் பொறுத்திருப்பான்? அவன் இடும் கையொப்பம் உடன்பாடு எனப்படினும் அதிற் பாதி நிர்ப்பந்தமே. ஆதலால் அவனது மௌனத்தைக் கோழைமை எனப் பழித்தல் தகாது.

தனியொருவனின் துணிவால் இயலாததைச் சட்டம் ஓரளவு செய்யலாம். எந்நாட்டவர்க்கும் மாத அடிப்படைச் சம்பளம் 1,000 றியாலுக்குக் குறையலாகாது என்னும் விதி கட்டாரில் 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. எனினும் அது கீழெல்லை மட்டுமே. அதற்கு மேல் தன் திறனுக்கு உரியதைக் கேட்க, அத்திறனுக்கு அங்கு வழங்கும் விலையை அவன் அறிந்திருத்தல் வேண்டும்.

மீனின் விலை ஊரறிந்தது; வெளிநாட்டுச் சம்பளமோ குடும்ப இரகசியமாகப் பேணப்படுகிறது. சென்று மீண்டோர் தாம் பெற்றதைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்வார்களாயின், அடுத்துப் புறப்படுவோன் வெறுங்கையோடு பேரம் பேச நேராது. அவ்வுண்மையைச் சொல்லுதல் ஊரவர் ஒருவருக்கொருவர் ஆற்றவேண்டிய கடனாகும்.