தெரிந்த பின்னும் மூடாத ஓட்டை

மைசூரில் மானசகங்கோத்ரி வளாகத்தைச் சுற்றியும் சரஸ்வதிபுரத்துத் தெருக்களிலும் ஜெராக்ஸ் கடைகளுக்குக் குறைவில்லை. கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிட்டால் அவற்றில் நிற்க இடம் கிடைக்காது. ஆதார், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், பாஸ்புக்கின் முதல் பக்கம் என்று எல்லாம் வாட்ஸ்அப் வழியாகவோ பென் டிரைவ் வழியாகவோ கடையின் கம்ப்யூட்டருக்குள் போகும். அச்சடித்த தாளை வாங்கிக்கொண்டு பிள்ளைகள் போய்விடுவார்கள்; கோப்பு அங்கேயே கிடக்கும். அப்டேட் தயாராக இருக்கிறது, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்று திரையின் மூலையில் அறிவிப்பு வரும். வரிசையில் ஆள் நிற்கும்போது அதற்கு யாருக்கு நேரம்? கை பழக்கத்தில் ‘பிறகு’ என்பதைத் தொடும். மறுநாளும் அப்படியே.

ஜெராக்ஸ் கடைக்காரர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மருத்துவரின் கிளினிக், ஆடிட்டர் அலுவலகம், பள்ளி அலுவலக அறை, கூட்டுறவுச் சங்கம் என்று எங்கும் இதுதான் நடக்கிறது. அந்தப் ‘பிறகு’ நம் சோம்பலைச் சேர்ந்த சின்ன விஷயமாகத் தோன்றுகிறது. ஆனால் நம்மை நம்பித் தங்கள் காகிதங்களைக் கொடுத்தவர்களின் சார்பில், அவர்களைக் கேட்காமலே நாம் எடுக்கும் முடிவு அது. அதனால் இதை ஒழுக்கத்தின் கேள்வியாகவே பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

2017-ல் நடந்ததை நினைத்துப் பார்ப்போம். அந்த ஆண்டு மே 12, வெள்ளிக்கிழமை, வானாக்ரை என்ற ரேன்சம்வேர் உலகெங்கும் பரவியது. சில நாட்களுக்குள் சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் முடங்கின. மைசூரிலிருந்து குண்டுலுபேட்டை போய்ப் பந்திப்பூர் காட்டைத் தாண்டினால் வயநாடு. அந்த மாவட்டத்தில் தரியோடு கிராமப் பஞ்சாயத்து அலுவலகத்தைத் திங்கள்கிழமை காலை திறந்தபோது நான்கு கம்ப்யூட்டர்களில் கோப்புகள் பூட்டிக் கிடந்தன. திறக்க வேண்டுமானால் 300 டாலர் மதிப்புக்கு பிட்காயின் கொடு என்றது திரை. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தில் சில கம்ப்யூட்டர்கள், ஆந்திரக் காவல்துறையில் சில, மேற்கு வங்க மின் விநியோக அலுவலகங்களில் சில என்று இந்தியாவிலும் பட்டியல் நீண்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறை மிக மோசமாக அடிவாங்கியது. சுமார் 19,000 மருத்துவ முன்பதிவுகள் ரத்தாகியிருக்கும் என்று பிறகு கணக்கிட்டார்கள். அவற்றில் அறுவை சிகிச்சைகளும் உண்டு.

யாரும் தவறான இணைப்பைத் தொடக்கூடத் தேவையில்லாத தாக்குதல் அது. ஓர் அலுவலகத்துக் கம்ப்யூட்டர்கள் கோப்புகளையும் பிரிண்டரையும் பங்கிட்டுக்கொள்ள விண்டோஸில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு, எஸ்எம்பி என்பார்கள். அதன் முதல் பதிப்பில், வரும் தகவலின் அளவைக் கணக்கிடும் இடத்தில் ஒரு பிழை இருந்தது. குறிப்பிட்ட விதமாகக் கோத்த தகவலை அனுப்பினால், அதன் ஒரு பகுதி தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி நினைவகத்தில் வழியும். அப்படி வழிந்ததை வைத்தே அந்தக் கம்ப்யூட்டரை வெளியாள் தன் சொற்படி ஆட்டிவைக்க முடியும். ஒன்றில் நுழைந்தது அதே அறையில் இருக்கும் அடுத்ததைத் தானே தேடிப் போனது.

இந்த ஓட்டை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமைக்கு முன்பே தெரிந்திருந்தது. மைக்ரோசாஃப்டிடம் சொல்லாமல், உளவுக்கு உதவும் என்று வைத்துக்கொண்டார்கள். அந்தக் கருவி அவர்கள் கையிலிருந்து கசிந்தது. 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை வெளியிட்டது. ஏப்ரல் 14 அன்று ‘ஷேடோ புரோக்கர்ஸ்’ என்று தங்களை அழைத்துக்கொண்டவர்கள் அந்தத் தாக்குதல் கருவியை ஊரறியப் போட்டுவிட்டார்கள். தாக்குதல் வந்தது மே 12-ல். இடையே 59 நாள். காலாவதியான விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்தவர்கள்தான் மாட்டினார்கள் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. இன்றும் பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். உண்மையில் பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அவற்றுக்கு மருந்து மார்ச் மாதமே வந்துவிட்டது.

இதில் குற்றம் யாருடையது? ஓட்டையைப் பதுக்கிய உளவுத்துறையின் பங்கு பெரிது. பிழையோடு எழுதி விற்ற நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. ஏவிவிட்டவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. இதையெல்லாம் மறுக்காமலே, நம் பங்கைத் தனியாக எடுத்து வைத்துப் பார்க்க முடியும். இங்கிலாந்தின் தேசியத் தணிக்கை அலுவலகம் அந்த ஆண்டு அக்டோபரில் கொடுத்த அறிக்கை அப்படிப் பார்த்தது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கை போயிருந்தது. அதன்படி நடந்தார்களா என்று சரிபார்க்க முறையான ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. சுற்றறிக்கை அனுப்பியவருக்குக் கடமை முடிந்தது, வாங்கியவர் கோப்பில் வைத்தார். நம் ஊர் அலுவலகங்களை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாக இருக்காது.

அப்டேட் வெளிவரும் நாளில் ஆபத்து குறைகிறது என்றுதான் நாம் எண்ணுகிறோம். போட்டுக்கொள்பவருக்குக் குறைகிறது. போட்டுக்கொள்ளாதவருக்குக் கூடுகிறது. அப்டேட்டுக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், எந்த இடத்தைத் திருத்தியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஓட்டை எங்கே இருந்தது என்பதும் அதிலேயே தெரியும். தேர்ந்த தாக்குநர்களுக்குச் சில நாட்கள் போதும். அதுவரை சிலருக்கு மட்டும் தெரிந்த ரகசியம், மருந்து வந்த அன்றே உலகத்துக்கு அறிவிக்கப்பட்டுவிடுகிறது. தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட மோசமாவது இதனால்தான்.

“நம்மகிட்ட திருட என்ன சார் இருக்கு?” என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியில் பணிவு இருப்பதுபோல் தெரியும். ஆனால் கேட்பவரின் கம்ப்யூட்டரில் இருப்பவை பெரும்பாலும் அவருடையவை அல்ல. கிளினிக்கில் இருப்பது நோயாளியின் ரத்தப் பரிசோதனை முடிவு. ஆடிட்டரிடம் இருப்பது ஊர் வியாபாரிகளின் கணக்கு. தன் பொருளைப் பொறுத்தவரை அலட்சியமாக இருக்க ஒருவருக்கு உரிமை உண்டு. பிறர் ஒப்படைத்ததில் அந்த உரிமை கிடையாது. வானாக்ரை தரியோடு பஞ்சாயத்தைத் தேர்ந்தெடுத்து வரவுமில்லை. ஓட்டை இருந்த இடத்திலெல்லாம் நுழைந்தது, அவ்வளவுதான்.

மைசூருக்கு இது புரியாத பாடமாக இருக்கக் கூடாது. 1898-ல் இந்த ஊருக்குள் பிளேக் வந்தது. ஒரு வீட்டுக் கொல்லையின் அழுக்கு அந்த வீட்டோடு நிற்பதில்லை என்பதை ஊர் உயிர் கொடுத்துக் கற்றது. 1903-ல் நகர மேம்பாட்டு வாரியம் அமைந்தது. நெரிசலைக் குறைத்துப் புதிய குடியிருப்புகள் எழுந்தன. வீட்டு வரிசைகளுக்குப் பின்னால், கழிவை எடுத்துச் செல்வதற்கென்றே சந்துகள் விட்டார்கள். பழைய பகுதிகளில் அந்தச் சந்துகளை இன்றும் பார்க்கலாம். தன் வீட்டு முற்றம் பளிச்சென்று இருந்தால் போதும் என்று நினைத்தவர்களையும் பின்பக்கத்தைப் பார்க்க வைத்த ஏற்பாடு அது. 2016-ல் தூய்மை நகரங்களின் தேசியப் பட்டியலில் மைசூர் முதலிடம் பெற்றது நேற்று முளைத்த பழக்கத்தால் அல்ல. ஒரே வலைப்பின்னலில் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கும் இந்த நியாயமே பொருந்தும்: என்னுடையதில் நுழைந்தது என் பக்கத்து மேசைக்குப் போகும்.

சாக்குகளில் நியாயமானவையும் உண்டு. அப்டேட்டுக்குப் பின் பிரிண்டர் வேலை செய்யாமல் போனதுண்டு. 2021-ல் விண்டோஸின் அச்சுச் சேவையில் இருந்த ஓட்டையை அடைக்கப் போய், பல அலுவலகங்களில் அச்சடிப்பதே தகராறானது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஆகவே பெரிய அலுவலகங்கள் முதலில் ஒன்றிரண்டு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போவது சரியான முறை. சோதிப்பதற்காக ஒரு வாரம் காத்திருப்பதை நான் மதிக்கிறேன். சோதிப்பதாகச் சொல்லி ஒரு வருடம் காத்திருப்பதை எந்தப் பெயரிட்டாலும் நியாயப்படுத்த முடியாது.

இன்னொரு காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பல கடைகளில் இருப்பது காசு கொடுத்து வாங்காத விண்டோஸ். அப்டேட் போட்டால் மாட்டிக்கொள்வோமோ என்று அதையே நிறுத்தி வைத்திருப்பார்கள். உரிமத்தைப் போலியாக்கும் சிறு நிரலை ஓட்டுவதற்காக ஆன்டிவைரஸையும் அணைத்திருப்பார்கள். முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய நிரலுக்கு கம்ப்யூட்டரின் முழு அதிகாரத்தையும் கொடுத்துவிட்டு, வாடிக்கையாளரின் ஆதாரை அதே கம்ப்யூட்டரில் திறக்கிறோம். வறுமை இதை விளக்கும், சரியாக்காது. மாற்று வழி இல்லாமலும் இல்லை. தமிழ்நாட்டில் அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளமும் இருந்தது. கேரளத்து அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் பாடம் நடத்துகின்றன. காசில்லாமலும் நேர்மையாகவும் கம்ப்யூட்டர் ஓட்ட முடியும். பழக்கத்தை மாற்றிக்கொள்ளும் சிரமம்தான் அதற்கு விலை.

அன்றாடம் தொடும் சிறு மென்பொருள்களின் கதை இன்னும் கவலை தருவது. வேர்டில் கணக்குச் சமன்பாடு எழுதப் பழைய ‘ஈக்குவேஷன் எடிட்டர்’ இருந்தது; கணித ஆசிரியர்கள் கேள்வித்தாள் தயாரித்தது அதில்தான். 2000-ல் உருவாக்கிய நிரல், பெரிய மாற்றமில்லாமல் 17 ஆண்டுகள் ஆபீஸோடு கூடவே வந்தது. 2017-ல் அதில் ஓட்டை தெரிந்தது: விஷம் வைத்த ஆவணத்தைத் திறந்தாலே போதும், கம்ப்யூட்டர் கைமாறிவிடும். நவம்பரில் அப்டேட் வந்தது. 2018 ஜனவரியில் அந்த எடிட்டரையே நீக்கினார்கள். ஆனால் 2020 மே மாதம், அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் மிக அதிகமாகப் பயன்பட்ட ஓட்டைகள் என்று அமெரிக்க அரசின் முகமைகள் வெளியிட்ட பட்டியலில் அது இருந்தது. கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் வின்ராரின் கதையும் இதுபோலத்தான். 2019 பிப்ரவரியில் அதில் சுமார் 19 வருடப் பழைய ஓட்டை வெளிப்பட்டது. பழுதான பகுதி வெளியாரிடமிருந்து வாங்கிச் சேர்த்தது, அதன் மூல நிரல் வின்ரார் நிறுவனத்திடமே இல்லை; அந்தப் பகுதியையே வெட்டி எறிய நேர்ந்தது. வின்ரார் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வதும் கிடையாது. புதிய பதிப்பை நாமே போய் இறக்கினால்தான் உண்டு. எத்தனை பேர் போனோம்?

இங்கே நிரல் எழுதுபவர்களின் அறமும் வருகிறது. மைசூரின் ஹெப்பால் பகுதியில் இன்ஃபோசிஸின் பயிற்சி வளாகம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள், நம் தமிழ்ப் பிள்ளைகள் உட்பட, நிரல் எழுதக் கற்றுக்கொண்டு அங்கிருந்து உலகின் வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் வேலை செய்யப் போகிறார்கள். தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் அடைக்கும் ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகத்தைக் கையாள்வதில் நேரும் பிழைகளால் வருபவை என்று மைக்ரோசாஃப்டே 2019-ல் சொன்னது. அளவைச் சரிபார்க்காமல் விட்ட ஒரு வரி, எழுதியவர் ஓய்வு பெற்ற பிறகும், முகம் தெரியாத ஊரின் மருத்துவமனையில் பழுதாக வெளிப்படலாம். கெடு தேதிக்குள் வேலை முடிந்தால் போதும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தச்சரும் கொத்தனாரும் தங்கள் வேலையின் பின்விளைவை ஊரிலேயே இருந்து பார்க்கிறார்கள். நிரலாளருக்கு அந்த வாய்ப்பு இல்லாததால், அவர் அதை மனத்தால் நினைத்துப் பார்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

நடந்துவிட்டால் உண்மையைச் சொல்வது அடுத்த கடமை. 2019 அக்டோபர் இறுதியில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கம்ப்யூட்டரில் தீநிரல் என்று செய்தி வந்தது. நிலையத்தின் தரப்பில் முதலில் மறுத்தார்கள். மறுநாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: நிர்வாகப் பணிக்கான ஒரு கம்ப்யூட்டரில் தீநிரல் இருந்தது உண்மை, உலையை இயக்கும் அமைப்பு தனியானது, அது தொடப்படவில்லை, அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் செப்டம்பர் 4 அன்றே தகவல் கொடுத்திருந்தது. அந்த விளக்கத்தை முதல் நாளே கொடுத்திருந்தால் இடிந்தகரையிலும் ராதாபுரத்திலும் இருப்பவர்களின் பயம் அவ்வளவு கூடியிருக்காது. இப்போது சட்டம் இருக்கிறது. இப்படிப்பட்ட சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. அந்த உத்தரவு கேட்பது அரசுக்குத் தெரிவிப்பதை. தகவலைப் பறிகொடுத்த வாடிக்கையாளரிடம் நேரில் போய்ச் சொல்வது அதைவிடக் கடினம். அதைச் செய்தவர்களைத்தான் நான் மதிப்பேன்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. நன்றாக ஓடும் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள், தேவையான பாதுகாப்பு சிப் இல்லாததால் விண்டோஸ் 11-க்குப் போக முடியாமல் நிற்கின்றன. ஓடும் பொருளைக் குப்பையாக்கும் நிறுவனத்தின் இந்தத் தீர்மானம் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அந்தக் கோபத்தில் பழையதையே இணையத்தில் இணைத்து வைத்திருப்பவர், தன் கோபத்தின் விலையை வேறொருவர் தலையில் கட்டுகிறார். லினக்ஸுக்கு மாற்றலாம், நீட்டிப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்யலாம், இரண்டும் முடியாதென்றால் இணைய இணைப்பைத் துண்டித்து, கணக்கு எழுத மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சிறிய அலுவலகங்களில் இந்த வேலை யாருடையது என்று கேட்டால் பதில் வராது. முதலாளி ஆபரேட்டரைப் பார்ப்பார், ஆபரேட்டர் எப்போதாவது வரும் சர்வீஸ் பையனைச் சொல்வார். மைக்ரோசாஃப்டின் மாதாந்திர அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வருகிறது. நம் நேரப்படி இரவாகிவிடும். மறுநாள் புதன்கிழமை மாலை ஒரு மணி நேரம் கடையின் கம்ப்யூட்டர்களை நிறுத்தி, அப்டேட் போட்டு, வேலை முடிந்த வாடிக்கையாளர்களின் கோப்புகளை அழித்து, வைத்திருக்க வேண்டியவற்றைத் தனி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்துக் கழற்றி வைக்க ஓர் ஆளைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கும் அவருக்குக் கூலி கொடுங்கள்.