பாராட்டும் பாராட்டுவோரும்

வென்ற விளையாட்டு வீரரையும் சித்தியெய்திய மாணவரையும் பதவியுயர்ந்த கல்விமானையும் ஒரே மேடையிற் பேராசிரியர் பாராட்டுவது வழக்கம். அங்கே பாராட்டப்படுவது செயலா, நிலையா?

அரிஸ்டோட்டிலும் அவர்தம் உறவினர் கலிஸ்தனீசும் கி.மு. 4ஆம் நூற்றாண்டில், டெல்பியில் நிகழ்ந்த பிதிய விளையாட்டுகளில் வென்றோரின் பட்டியலைத் தொகுத்தனர். ஓட்டவீரரோடு இசைவாணரும் போட்டியிட்ட விழா அது. பேரறிஞரொருவர் இத்தகைய பணியில் இறங்கியது சிலருக்கு வியப்பளிக்கலாம். அவருக்கோ அது இழுக்காகத் தோன்றவில்லை. டெல்பியினர் இருவரையும் பாராட்டி, அதனைக் கல்லிற் பொறித்தனர்.

கௌரவம் பெறுபவரிலும் பார்க்க அளிப்பவரையே பெரிதுஞ் சார்ந்தது என ‘நிக்கோமாக்கிய ஒழுக்கவியல்’ நூலில் உரைத்தவரும் அரிஸ்டோட்டிலே. அவ்வுண்மையை அவரே அனுபவிக்க நேர்ந்தது. மசிடோனிய மன்னன் அலெக்சாந்தர் கி.மு. 323இல் இறந்தபின், மசிடோனியச் சார்புடையவரெனக் கருதப்பட்ட அவருக்கு டெல்பியினர் அளித்த கௌரவம் பறிக்கப்பட்டது. அதுபற்றித் தாம் மிகவும் வருந்தவுமில்லை, வருந்தாதிருக்கவுமில்லை என அவர் நண்பருக்கு எழுதியதாகக் கூறுவர். துறவியின் விடையன்று இது. நேர்மையான மனிதனின் விடை.

செல்வாக்கை நோக்கி அளிக்கப்பட்ட கௌரவம் செல்வாக்கோடு நீங்கிற்று. அவர் தொகுத்த பட்டியலோ ஓடியவரின் ஓட்டத்தையும் இசைத்தவரின் இசையையும் மட்டுமே நோக்கியது. எவரது அரசியலையும் அது வினவவில்லை. மேடையிலேறும் பேராசிரியர் இவ்விரண்டில் எதனைச் செய்கிறார் என்பதைக் கேட்போர் அறியார், அவர் அறிவார்.

அக்கல்லின் உடைந்த துண்டு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. பட்டியல் கிடைக்கவில்லை.