கண்டவரின் கையொப்பம்

வீடு ஒன்றை வாங்கும்போதும் வாடகைக்கு எடுக்கும்போதும் சுவரின் வண்ணத்தைப் பார்க்கிறோம்; காற்று வரும் வழியைப் பார்க்கிறோம்; சமையலறைக் குழாயைத் திறந்து மூடுகிறோம். அடித்தளத்தை எவரும் பார்ப்பதில்லை. பார்க்க விரும்பினாலும் இயலாது. அது மண்ணுக்குள் மறைந்துவிட்டது. தூணுக்குள் எத்தனை கம்பிகள் உள்ளன, அவை எவ்வளவு பருமன் என்பனவற்றை நாம் அறியோம். ஆயினும் அச்சமின்றி உறங்குகிறோம். மறைக்கப்படுவதற்கு முன் அவற்றை எவரோ ஒருவர் கண்டார், கண்டபின் கையொப்பமிட்டார் என்னும் நம்பிக்கையே அவ்வுறக்கத்துக்குக் காரணம். அக்கையொப்பத்தின் அறத்தன்மை யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்க பொருள்.

கையொப்பம் இருவகைப்படும். கடன் பத்திரத்தில் இடுவது இசைவு. சான்றிதழில் இடுவது சாட்சி. முன்னது 'நான் உடன்படுகிறேன்' என்கிறது. பின்னது 'நான் கண்டேன்' என்கிறது. காணாமல் கண்டேன் என்பவனுடைய சொல், பின்னர் தற்செயலாக உண்மையோடு ஒத்துப்போயினும், பொய்ச்சாட்சியே ஆகும். வகுப்பறைக்குள் நுழையாமலே வருகைப் பதிவேட்டில் எல்லா மாணவருக்கும் வருகை குறிக்கும் ஆசிரியரை எண்ணிப் பார்க்க. அன்று அனைவரும் வந்திருக்கலாம். பதிவேடு பிழையற்றதாயும் இருக்கலாம். ஆயினும் அவர் செய்தது தவறன்று என்று எவரும் சொல்லார். (தலைமையாசிரியர்கள் பாடக்குறிப்பேட்டில் இடும் கையொப்பத்தையும் இவ்வளவுகோலால் அளக்கலாம். அது வேறொரு கட்டுரைக்கு உரியது.)

அரசே வீடு கட்டுவிக்கும் இடத்தில் இக்கேள்வி மேலும் சிக்கலாகிறது. திட்டம் வரைபவர் ஒருவர், கணக்கிடுபவர் ஒருவர், கட்டுபவர் ஒருவர், மேற்பார்ப்பவர் ஒருவர் என்று ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தமாக வேலை பகிர்ந்தளிக்கப்படுகிறது. ஒப்பந்தம் பணியை மாற்றிக் கொடுக்கும் என்பதில் ஐயமில்லை. பொறுப்பையும் மாற்றிக் கொடுக்குமா?

இலண்டன் மாநகரின் கிழக்கே நியூஹாம் வட்டார மன்றம் எளிய மக்களுக்கென 22 மாடிக் குடியிருப்பு ஒன்றை எழுப்புவித்தது. ரோனன் பாயிண்ட் என்பது அதன் பெயர். ஆலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இணைக்கும் முறையில் அது கட்டப்பட்டது. முறையை அளித்த நிறுவனமே கட்டும் பணியையும் ஏற்றது. மக்கள் குடியேறி ஏறத்தாழ இரண்டு திங்களே கடந்திருந்த நிலையில், 1968 மே 16ஆம் நாள் அதிகாலையில் 18ஆம் மாடியில் எரிவாயு வெடித்தது. பாரந்தாங்கிய சுவர்ப் பலகைகள் வெளியே தள்ளப்பட, கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நால்வர் மாண்டனர். செப்பனிட்டு மீண்டும் மக்களைக் குடியமர்த்திய பின், 1986இல் அதனைப் பிரித்தெடுத்தபோதுதான் பலகைகள் கூடும் இணைப்புகள் பல இடங்களில் சாந்தினால் சரிவர நிரப்பப்படவில்லை என்பது வெளிப்பட்டது. ஒப்பந்தம் இருந்தது, ஒப்புதல் இருந்தது, விசாரணைக் குழுவும் வந்து போயிற்று. இணைப்பின் உட்புறத்தைக் கண்ட கண் மட்டும் இல்லை.

வல்லவனிடம் பணியை ஒப்படைத்துவிட்டுத் தலையிடாதிருப்பதே நல்லாட்சி என்பார் திருக்குறளைத் துணைக்கழைப்பதுண்டு. இன்ன காரணத்தால் இவன் இதனை முடிப்பான் என்று ஆராய்ந்து, அதை அவனிடம் விட்டுவிடுக என்று வள்ளுவர் கூறுவது உண்மையே. ஆனால் அக்கூற்று இடம்பெறும் 'தெரிந்து வினையாடல்' அதிகாரத்தின் இறுதிக் குறளுக்கு இவர்கள் சென்றதில்லை போலும். வினைசெய்வான் கோணாமல் இருக்கின்றானா என்பதை மன்னன் நாள்தோறும் ஆராய வேண்டும் என்கிறது அது. ஒப்படைப்பதும் ஆராய்வதும் ஒரே அதிகாரத்துள் அடங்குகின்றன. மாணவர்க்கு இவ்வதிகாரத்தைக் கற்பிக்கையில் முன்னதை மட்டும் விளக்கி மணியடித்துவிடுவது நமது வழக்கமாகிவிட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சிலாங்கூர், உலு கிளாங்கில் செங்குத்தான சரிவின் அடியில் ஹைலண்ட் டவர்ஸ் என்னும் 12 மாடிக் கட்டடங்கள் மூன்று எழுந்தன. இது தனியார் திட்டம். எனினும் வரைபடத்துக்கு ஒப்புதலும் குடியேறத் தகுதிச் சான்றும் அரசுத் தரப்பிலிருந்தே வர வேண்டும். 1993 டிசம்பர் 11ஆம் நாள், தொடர்மழைக்குப் பின் சரிவு நகர்ந்தது. முதற்கட்டடம் அடியோடு சாய்ந்தது. 48 உயிர்கள் மாண்டன. அடித்தளக் கம்பங்கள் மேலிருந்து வரும் சுமையைத் தாங்க வடிவமைக்கப்பட்டவை. பக்கவாட்டில் தள்ளும் மண்ணை எதிர்க்க வடிவமைக்கப்பட்டவையல்ல. சரிவும் தடுப்புச் சுவர்களும் தம் பணி எல்லைக்கு அப்பாற்பட்டவை என்பது பொறியாளர் தரப்பு வாதம். உயர் நீதிமன்றம் 2000இல் அதனை ஏற்கவில்லை. முடிவுறாத வடிகால் பணியை முடிந்ததாக அதிகாரிகளுக்கு எழுத்தில் உறுதியளித்த செய்தியும் அவ்வழக்கில் வெளிவந்தது.

அவ்வுறுதியைப் பெற்றவர்கள் வடிகாலைச் சென்று கண்டிருக்க வேண்டாமா? 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம், 95ஆம் பிரிவில் இதற்கு விடை வைத்திருக்கிறது. கட்டடத்தையோ கட்டும் இடத்தையோ ஆய்வதும், தம்மிடம் தரப்படும் சான்றுகள் சரியானவையா எனச் சோதிப்பதும் ஊராட்சி மன்றத்தின் கட்டாயக் கடமையல்ல என்கிறது அப்பிரிவு. பின்னாளில் அப்பகுதியின் பொறுப்பை ஏற்றிருந்த அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்தின் பங்கு நூற்றுக்குப் பதினைந்து என உயர் நீதிமன்றம் கணித்தது; விபத்துக்கு முந்தியவற்றுக்கே சட்டப் பாதுகாப்பு உண்டு எனவும் கூறியது. 2006இல் கூட்டரசு நீதிமன்றமோ பிந்தியவற்றுக்கும் கழகம் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பைச் சினத்தோடு மட்டும் நோக்குதல் முறையாகாது. நகராண்மைக் கழகத்தின் பணம் மக்கள் பணம். இடிந்த கட்டடத்துக்கெல்லாம் அது ஈடு செலுத்தினால் குப்பை அள்ளவும் கால்வாய் தூர்வாரவும் பணம் ஏது? இவ்வாதத்தில் வலு உண்டு. ஆனால் இழப்பீட்டிலிருந்து ஒருவரைக் காப்பது வேறு. காணும் கடமையிலிருந்தே அவரை விடுவிப்பது வேறு. மருத்துவரின் நன்னோக்கப் பிழையை மன்னிக்கலாம். அதற்காக நோயாளியைப் பாராமலே மருந்தெழுதலாம் என விதி செய்வாருண்டோ? காணக் கடமைப்படாதவர் எதற்குச் சான்றளிக்கிறார் என்னும் வினாவுக்கு அப்பிரிவில் விடையில்லை.

அண்டை நாடு வேறு வழி கண்டது. 1986 மார்ச் 15ஆம் நாள் சிங்கப்பூரில் ஹோட்டல் நியூ வேர்ல்டு இடிந்து 33 பேர் இறந்தனர். கட்டடத்தின் சொந்த எடையையே வடிவமைப்புக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தனர் என்பதை விசாரணை கண்டறிந்தது. ஒரு மனிதர் தம் கணக்கைத் தாமே சரிபார்த்தல் போதாது என்பது புலனாயிற்று. 1989ஆம் ஆண்டின் சட்டம், வடிவமைத்தவரல்லாத, அக்கட்டடத்தில் பணத் தொடர்பு ஏதுமற்ற மற்றொரு பொறியாளர் கணக்கினைச் சோதிக்க வேண்டும் என்று விதித்தது. தேர்வுத்தாளை இரண்டாம் திருத்துநர் பார்ப்பது போன்றது இது.

மலேசியாவில் 2007 ஏப்ரல் முதல், ஊராட்சி மன்றம் வழங்கிய தகுதிச் சான்றுக்கு மாற்றாக, திட்டத்துக்குத் தலைமை தாங்கும் தொழில்வல்லுநரே நிறைவுச் சான்று வழங்கும் முறை வந்தது. மண்வேலை, அடித்தளம், கட்டமைப்பு, வடிகால் என ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனிப் படிவம், மொத்தம் 21. ஒவ்வொன்றிலும் வேலையைச் செய்தவரும் மேற்பார்த்தவரும் கையொப்பமிட வேண்டும். எதனை எவர் கண்டார் என்பது பெயரோடு பதிவாவதால் இதனை முன்னேற்றம் என்றே கருதுகிறேன். ஆயின் சான்றளிப்பவருக்கு ஊதியம் தருபவர் மேம்பாட்டாளர். வீடுகளை விரைந்து ஒப்படைக்கத் துடிப்பவரும் அவரே. கூலி தருபவரின் முகம் பார்த்து 'இன்னும் முடியவில்லை' என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும். எல்லாரிடமும் அதனை எதிர்பார்த்துச் சட்டம் இயற்றலாகாது.

அரசின் மக்கள் வீடமைப்புத் திட்டங்களில் இவ்விடர் குறைய வழியுண்டு. அங்குப் பணம் தருவது அரசு. விற்பனை இலாபம் அதன் நோக்கமன்று. ஆய்வாளரைக் குத்தகையாளரின் ஒப்பந்தத்துக்குள் அடக்காமல் தனியே அமர்த்தி, தனியே ஊதியம் தரலாம். கான்கிரீட் கொட்டுமுன் அவர் களத்தில் நின்ற நாளையும் நேரத்தையும் குறித்து வைக்கக் கட்டளையிடலாம். அந்த 21 படிவங்களின் நகலைக் குடியிருப்பின் நிர்வாக அலுவலகத்தில், வாடகைச் சீட்டோடு வருபவர் எவரும் கேட்டுப் படிக்கும்படி வைக்கலாம். அலமாரி ஒன்றின் செலவுக்கு மேல் அதற்குப் பிடிக்காது.