ஐந்தாம் ஆள்

திருக்குறளின் மருந்து அதிகாரம் வைத்தியத்தை நான்கு பங்காகப் பிரித்துவிட்டு முடிகிறது: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்த்துக்கொள்பவர். பணம் கட்டுகிறவர் அதில் இல்லை. இன்று திருப்பதியிலோ சித்தூரிலோ அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த ஒரு நெட்வொர்க் ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டுபோனால், ஆரோக்கிய மித்ரா என்ற திட்ட உதவியாளரின் மேசையில் முதலில் விசாரிக்கப்படுவது அந்த ஐந்தாம் ஆளைப் பற்றித்தான். கார்டு இருக்கிறதா, எந்தக் கார்டு, எத்தனை லட்சம் வரை? இந்த ஐந்தாம் ஆள் செய்யும் காரியத்துக்கு அறநூல்கள் என்ன பெயர் வைத்திருக்கும் என்று கேட்பது வீண் ஆராய்ச்சி இல்லை. அது தானம் என்றால் கொடுப்பவரின் மனம்போல் கூடும், குறையும், நிற்கும். வியாபாரம் என்றால் நோயாளிக்கு அதிக விலையும் ஆரோக்கியசாலிக்குக் குறைந்த விலையும் விழும். கடமை என்றால் மட்டுமே நோயாளி தலைகுனியாமல் அந்த மேசை முன் நிற்க முடியும். ஆந்திரத்தின் 2007 முதலான காப்பீட்டு அனுபவம் இந்த மூன்றுக்கும் நடுவே அலைந்திருக்கிறது என்பதும், அது மூன்றாவதில் வந்து நிற்க வேண்டும் என்பதும் என் வாதம்.

2007க்கு முன் இங்கே ஏழைக்கு இதய அறுவை வேண்டுமென்றால் முதலமைச்சர் நிவாரண நிதிக்கு மனுப் போட வேண்டும். 2004 முதல் 2007 வரை அந்த வழியில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஏறக்குறைய 168 கோடி ரூபாய் போயிற்று. தொகை சிறியதல்ல, ஆனால் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு மனு இருந்தது. 2007 ஏப்ரலில் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி அரசு மூன்று மாவட்டங்களில் ராஜீவ் ஆரோக்கியஸ்ரீயைத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் சித்தூர் மாவட்டமும் சேர்ந்தது. வெள்ளை ரேஷன் கார்டு உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம், தேவைப்பட்டால் மேலும் ஐம்பதாயிரம். ப்ரீமியத்தை அரசு கட்டியது, ஸ்டார் ஹெல்த் நிறுவனம் பொறுப்பேற்றது. மனுதாரர் கார்டுதாரர் ஆனார். இந்த ஒரு மாற்றத்தின் பெருமையை எந்தக் குறை சொல்லியும் குறைக்க முடியாது. ஆனால் கார்டின் மேல் ஒரு பெயர் ஏறிக்கொண்டது. ஆட்சி மாற மாற அது ராஜீவிலிருந்து என்டிஆர் ஆகி, ஒய்எஸ்ஆர் ஆகி, 2024இல் மறுபடி என்டிஆர் வைத்திய சேவா ஆயிற்று. வரம்பும் இரண்டரை லட்சம், ஐந்து லட்சம், 2023 டிசம்பரில் இருபத்தைந்து லட்சம் என்று வளர்ந்தது. ஒவ்வொரு முறையும் அது ஒரு தலைவரின் தாராள குணமாகவே அறிவிக்கப்பட்டது. மக்கள் கட்டிய வரிதான் அது என்பதை யாரும் கார்டில் அச்சடிக்கவில்லை.

வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்து, அதற்கு முன்பே ஒப்புரவறிதல் என்று தனியாக ஓர் அதிகாரம் வைத்தார். ஈகையில் வறியவரின் கை நீண்டிருக்கிறது, செல்வரின் மனம் இளகுகிறது. ஒப்புரவில் கேட்பவரே கண்ணில் படுவதில்லை. மழையைப் போலக் கைம்மாறு எதிர்பாராத கடமை அது. ஊர் முழுதுக்கும் குடிநீர் தரும் குளமும், எந்த உறுப்பைக் கொய்தாலும் மருந்தாகிற மரமும் அதற்கு உவமைகள். அதை அறியாதவரை அவர் செத்தவர்களோடு சேர்த்து எண்ணுகிறார். கை வறண்ட காலத்திலும் கடமை அறிந்தவர் அதில் தளரமாட்டார் என்றும் சொல்கிறார். திருமலையின் புராணமும் இதே திசையில்தான் நிற்கிறது. ஸ்ரீநிவாசன் தன் கல்யாணத்துக்குக் குபேரனிடம் கடன் வாங்கினான்; உண்டியலில் விழுவதெல்லாம் அந்தக் கடனுக்கான வட்டி. இந்த ஊரின் தெய்வமே கடன்பட்டவர். உண்டியலில் போடுகிறவர் பெயர் எழுதுவதுமில்லை, ரசீது கேட்பதுமில்லை. கொடுத்தோம் என்று நினைப்பதைவிடத் தீர்த்தோம் என்றே நினைக்கிறார்.

பெயரில் என்ன குற்றம், கோயில் கல்வெட்டெல்லாம் கொடையாளி பெயர்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பத்தாம் நூற்றாண்டில் சாமவை என்ற பல்லவர் குல அரசி திருமலையில் வெள்ளித் திருமேனி செய்தளித்ததைத் தமிழ்க் கல்வெட்டு பெயரோடு சொல்கிறது. ஆனால் கல்வெட்டில் பெயர் எதற்காக நிற்கிறது என்று பார்க்க வேண்டும். காஞ்சிபுரத்துக்கு அருகே திருமுக்கூடலில், அதே வேங்கடேசப் பெருமாளுக்கான கோயிலில், வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று பதினைந்து படுக்கை கொண்ட ஆதுரசாலையை விவரிக்கிறது. வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல், எவ்வளவு காசு. எந்த மருந்து எவ்வளவு இருப்பில் இருக்க வேண்டும். அத்தனையும் கல்லில் இருக்கிறது. குறள் விட்டுவைத்த ஐந்தாம் ஆளைச் சோழர் கல்வெட்டு எழுதிவிட்டது என்றே நான் படிக்கிறேன். அந்த ஆதுரசாலை கோயில் பணியாளர்க்கும் அங்கே படித்தவர், படிப்பித்தவர்க்குமே உரியது, ஊருக்கெல்லாம் அல்ல. அந்தக் குறையை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் அங்கே எழுத்து கொடுத்தவரைக் கட்டிப்போட்டது. இத்தனை கலம் நெல் வரவில்லை என்றால் கல்லைக் காட்டிக் கேட்கலாம். கார்டில் இருக்கும் பெயர் யாரையும் கட்டுவதில்லை.

கட்டுவதில்லை என்பதற்குச் சான்று சமீபத்தது. அரசு தர வேண்டிய பாக்கி ஆயிரக்கணக்கான கோடியாகச் சேர்ந்ததால், ஆந்திரத்தின் நெட்வொர்க் ஆஸ்பத்திரிகள் 2024இலும் 2025இலும் பலமுறை வைத்திய சேவா நோயாளிகளை எடுப்பதை நிறுத்தின. ஆஸ்பத்திரியும் அரசும் கணக்குப் பேசிக்கொண்டிருக்க, நோயாளி வெளியே காத்திருந்தார். இருபத்தைந்து லட்சம் என்ற எண்ணுக்கு அந்த நாட்களில் மதிப்பு ஏதும் இல்லை. 2025 செப்டம்பரில் அமைச்சரவை ஒரு கலப்பு முறைக்கு ஒப்புதல் தந்தது: இரண்டரை லட்சம் வரை இன்ஷூரன்ஸ் நிறுவனம், அதற்கு மேல் இருபத்தைந்து லட்சம் வரை ஏழைக் குடும்பங்களுக்கு அரசின் ட்ரஸ்ட், வருமான வரம்பில்லாமல் எல்லாக் குடும்பத்துக்கும் காப்பீடு. லாபம் தேடும் நிறுவனத்தை நடுவில் வைப்பதா என்ற எதிர்ப்பு உடனே எழுந்தது. அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் எல்லாக் குடும்பமும் என்ற சொல்தான் இங்கே முக்கியம். ஏழைக்கு மட்டும் என்றிருக்கும்வரை அது ஈகை. எல்லாருக்கும் என்றாகும்போதுதான் ஒப்புரவாகிறது. தனக்கும் உரியது என்றால் நடுத்தர வர்க்கமும் அதன் பாக்கியைக் கேட்கும்.

அந்த நடுத்தர வர்க்கம் இதுவரை எங்கே நின்றது? திட்டத்தின் வருமான வரம்புக்குச் சற்று மேலே இருக்கும் புத்தூர் நெசவாளியோ திருப்பதிக் கடைக்காரரோ தனிநபர் பாலிசிதான் வாங்க வேண்டும். அங்கே விதிகள் ஓரளவு இளகியிருப்பது உண்மை. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பு 2024இல் நான்காண்டிலிருந்து மூன்றாண்டாயிற்று. 2025 செப்டம்பர் 22 முதல் ப்ரீமியத்தின் மேலிருந்த 18 சதவீத ஜிஎஸ்டி போயிற்று. ஆனால் வயது ஏற ஏற ப்ரீமியம் ஏறும் என்ற அடிப்படை அப்படியே இருக்கிறது. அவரவர் ஆபத்துக்கு அவரவர் விலை என்பதே நீதி என்று இன்ஷூரன்ஸ் கணக்கர்கள் வாதிடுவார்கள். அமெரிக்கா 2010 சட்டத்தால் இதை எதிர்த்தது. 2014 முதல் நோயைக் காட்டி மறுக்கவோ விலையேற்றவோ கூடாது, முதியவரிடம் இளைஞரைவிட மூன்று மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்றது. ஆரோக்கியமாக இருந்த பல இளைஞர்களுக்கு ப்ரீமியம் ஏறியது, கோபமும் வந்தது. பாலிசி இல்லாதவர் மேலிருந்த அபராதம் 2019 முதல் பூஜ்யமாக்கப்பட்டது. ஒப்புரவு இலவசமாக வராது என்பது அதிலிருந்து தெரிகிறது. ஆனால் இருபத்தைந்து வயதுக்காரர் இழப்பதாக நினைப்பது அவருடைய அறுபது வயதுக்குப் போய்ச்சேரும் பணம்தான்.

கடினமான ஆட்சேபம் வேறு. நோய் அவரவர் வினை, அல்லது அவரவர் வாய்க்கட்டின்மை. அதற்கு அடுத்தவர் ஏன் கட்ட வேண்டும் என்பார்கள் சிலர். மருந்து அதிகாரத்தின் முதல் ஏழு குறள்களும் மிகுதி குறைவைப் பற்றியும், பசித்துப் புசிப்பது, செரித்தபின் உண்பது பற்றியும் பேசுகின்றன என்று இவர்கள் சுட்டலாம். ஆனால் அதே அதிகாரம் நோயின் மூலத்தை நாடச் சொல்லி, நோயாளி யார் என்று பார்த்துச் சிகிச்சை செய்யச் சொல்லித்தான் முடிகிறது. தப்பாகத் தின்றவருக்கு மருந்தில்லை என்று எங்கும் சொல்லவில்லை. வினையைப் பற்றி புத்தரையே சீவகன் என்ற பரிவிராஜகன் கேட்டான். பித்தம், கபம், வாதம், மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், கவனக்குறைவு, தாக்குதல், வினை என்று எட்டுக் காரணம் சொல்லி, எல்லாவற்றையும் வினை மேல் போடுவோர் தவறுகிறார்கள் என்றார். வினையை நம்புகிறவருக்கும் ஒன்று கேட்கலாம்: நோயுற்றவரைப் பார்த்தும் விலகிப்போவது யாருடைய வினை?

செலவு ஏறுமே என்ற கவலை மட்டும் உண்மையில் கனமானது. தேவையில்லாத அறுவைகள், ஊதிய பில்கள் என்ற புகார்கள் ஆரோக்கியஸ்ரீயின் தொடக்கம் முதலே உண்டு. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடும் பணத்தில் சிறு பங்காவது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் திரும்ப வேண்டும். இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து போவது 2013-14இல் 64 சதவீதமாக இருந்து 2021-22இல் 39 ஆகக் குறைந்தது; அந்த 39இல் பெரும்பகுதி ஆஸ்பத்திரியில் சேராமல் பெறும் வைத்தியமும் மாதாமாதம் வாங்கும் மாத்திரையும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தினமும் விழுங்குகிற மாத்திரை தவறினால் பின்னாளில் டயாலிஸிஸும் ஸ்டென்டும் வரக்கூடும். எனவே ஆந்திர சட்டமன்றம் செய்ய வேண்டியவை இரண்டு: வெளிநோயாளியின் மாத்திரையை இந்தக் காப்பீட்டுக்குள் கொண்டுவருவது, ஆஸ்பத்திரிக்கான பணத்தை இத்தனை நாளில் தீர்க்க வேண்டும், தவறினால் வட்டியோடு கட்ட வேண்டும் என்று சட்டமே இயற்றுவது.