கயிறு பிடிக்கும் கை

அமாவாசை ராத்திரி மேல்மலையனூர் போயிருக்கிறீர்களா? அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கு எள் போட்டால் எள் விழாத கூட்டம். கயிறு பிடித்து நிற்கிறார் ஓர் இளம் காவலர். 'பாத்துப் போங்கம்மா' என்று ஒரு பாட்டிக்கு வழிவிடுகிறார். பின்னால் அதிகாரி குரல் கேட்டதும் விறைத்து நிற்கிறார்.

அந்த விறைப்பு, பயிற்சிப் பள்ளியில் மாதக்கணக்கில் கவாத்து பழகி வந்தது. உத்தரவு வந்தால் யோசிக்காதே, செய்! இதுவும் தேவைதான். இவ்வளவு கூட்டத்தில் ஆளாளுக்கு யோசித்தால், நெரிசலில் உயிர் போகும்.

சரி, உத்தரவே தப்பாக இருந்தால்?

அதற்கும் சட்டத்தில் பதில் உண்டு. வாக்குமூலம் வாங்க அடிப்பது குற்றம். 'மேலதிகாரி சொன்னார், அடித்தேன்' என்று தப்பிக்க முடியாது. ஆனால், சட்டம் படித்தது. கவாத்து உடம்பில் ஏறியது. அவசரத்தில் எது முந்தும்?

2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் விடிய விடிய அடிக்கப்பட்டார்கள். சில நாளில் இருவரும் இறந்தார்கள். அங்கே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் பயந்து பயந்துதான் பேசினார். ஆனாலும், பார்த்ததைச் சொன்னார்.

அவரும் கவாத்து பழகியவர்தான். அவர் கட்டுப்பாட்டை மீறினாரா? இல்லை, சட்டத்துக்குக் கட்டுப்பட்டார் என்பேன் நான்.

நாம் மட்டும் என்ன? வீட்டில் நகை காணோம் என்றால், 'நாலு சாத்து சாத்துங்க சார், உண்மை வரும்' என்கிறோம்.

கயிறு பிடிக்கும் அந்தப் பையனுக்கு அதுவும் ஒரு பயிற்சிதானே?