மனக்கோயிலும் மனோராச்சியமும்

சைவாசிரியப் பெருந்தகையீர்!

அப்புத்தளை முதலிய ஊவா மலைநாட்டுப் பாடசாலைகளிலே மாணாக்கர் ஒருங்கமர்ந்து, கண்மூடி, தாம் வாழவேண்டிய வருங்காலத்தை அகத்தே கண்டு பழகுதல் வேண்டுமென யாம் விண்ணப்பஞ் செய்கின்றோம். இது நமக்குப் புதிதன்று.

திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் திருக்கோயில் எடுக்க விரும்பிப் பொருள்தேடி எங்கும் அலைந்தார், பெற்றிலர். பின்னரே மனத்தின்கண் அடிநிலை முதற் சிகரம் ஈறாக முறையே அமைத்து, கிணறும் மதிலும் குளமும் வகுத்து, தாபனத்திற்கு நாளும் குறித்தார். அந்நாளிலேயே காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர்கோன், இறைவன் கனவில் உணர்த்த, அவரை நாடிவந்து வணங்கினான்.

வெறும் மனோராச்சியத்திற்கும் இம்மனக்கோயிலுக்கும் உள்ள வேற்றுமை யாது? முன்னது வேண்டியதை மாத்திரம் காணும். பின்னது அடிநிலத்தையும் காணும்.

நமது அடிநிலம் எத்தகையது? 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆந் தேதி காலை, அப்புத்தளைக்கு அணித்தாகிய கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்திலே மலை சரிந்து லயங்களை மூடிற்று; பல உயிர்கள் மாண்டன. பாடசாலைக்குச் சென்றமையாற் பிழைத்த பிள்ளைகள் சிலர் திரும்பிவந்து தம் வீட்டைக் காணாராயினர். அவ்விடம் அபாயமுடையதென்னும் எச்சரிக்கை அதற்குப் பல்லாண்டு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. ஆதலால் அச்சமுற்ற பிள்ளைக்கு அழகிய கனவொன்றை மருந்தாக ஊட்டி உறங்கச்செய்தல் ஆசிரியர்க்கு அடாது.

செய்யும் முறை இது. வாரத்தில் ஒருநாள் பிரார்த்தனை முடிந்தபின் ஐந்து நிமிடம் மௌனமாய் அமர்த்துக. ஆசிரியர் மெல்ல வினாவுக: "முப்பது ஆண்டு கழிந்தது, விடியலிற் கதவைத் திறக்கின்றாய். வீடு எவ்விடத்தது? மேலே மலைச்சரிவில் எம்மரங்கள் நிற்கின்றன? பீலியில் நீர் எங்கிருந்து வருகின்றது? பெருமழை எந்தக் கானின் வழியே இறங்குகின்றது?" விடையை ஆசிரியர் கூறலாகாது. ஒவ்வொருவர் கண்டதையுங் கேட்டுக் கரும்பலகையில் ஒரே படமாக வரைக. "சேறே கண்டேன்" என்னும் பிள்ளையைக் கடியற்க; அப்பிள்ளையே அடிநிலத்தைக் கண்டது. அதன் சொல்லிலிருந்து தொடங்குக.

பின்னர்ப் படத்தை இரண்டாகப் பகுக்க. அடைபட்ட கானைப் பெரியோருக்கு அறிவித்தல், மரக்கன்று நட்டுக் காத்தல், நிலத்திலே புதிய வெடிப்புக் காணின் உடனே உரைத்தல் என்பன பிள்ளைகளால் இயல்வன. அவற்றுள் ஒன்றிற்கு நாள் குறிக்க. பாதுகாப்பான நிலமும் உரிமையுள்ள வீடும் அவர்களால் இயல்வன அல்ல. அவை அரசும் தோட்டத்தாரும் ஆற்றவேண்டிய கடன். எனினும், தனக்கு வேண்டியதைத் தெளிவாகக் கண்ட பிள்ளை நாளை அதனைத் தெளிவாகக் கேட்கும். காணாத பிள்ளையோ லயத்தையே விதியென்று கொள்ளும்.

கையிற் காசில்லாத அடியவரிடத்தே காவலன் வந்து வணங்கினான். அதற்குக் காரணம் அவர் அன்பொடு முற்றக் கட்டிமுடித்த மனக்கோயிலன்றோ? அவ்வன்பையும் ஒழுங்கையும் நம் பிள்ளைகளுக்குப் பழக்குவோமாக. திருவருள் துணைநிற்க.

சுபம்.