நினையாமல் நேரும் தீங்கு

சூழல் மைக்கோபாக்டீரியாக்கள் மண்ணிலும் குழாய்நீரிலும் இயல்பாக வாழ்பவை. காசநோய்க் கிருமியின் உறவினங்கள் என்றாலும், பெரும்பாலும் ஆளுக்கு ஆள் தொற்றுவதில்லை. 2000ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் வாட்சன்வில் நகரில், நக அலங்கார நிலையம் ஒன்றில் பாதங்களை ஊறவைத்த நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் கால்களில் எளிதில் ஆறாத கட்டிகள் கிளம்பின. காரணம் மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சூட்டம். சுழல்நீர்த் தொட்டிகளின் உறிஞ்சுவாய்த் திரைக்குப் பின்னால் முடியும் தோல்துகளும் சேர்ந்திருந்தன. அந்த இடம் சுத்தம் செய்யப்பட்டதே இல்லை. முன்னதாகக் கால்முடி மழித்தவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது.

யாரும் நினைத்துச் செய்யாத தீங்குக்கு யார் பொறுப்பு? எண்ணமே வினை என்கிறது பௌத்தம். அந்த அளவுகோலில் தொட்டியைக் கவனித்த ஊழியர்மேல் தீவினை ஏதும் இல்லை. சமணம் இதில் கண்டிப்பானது: கவனம் தவறிய செயலால் உயிருக்கு ஊறு நேர்வதே இம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. அரிஸ்டாட்டில் அறியாமையை மன்னிக்கிறார். ஆனால் அது அலட்சியத்தால் வந்த அறியாமையாக இருக்கக் கூடாது.

இங்கே சமணப் பார்வையே பொருந்துகிறது. ஆனால் கவனம் தவறியது யார் என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கலிபோர்னியாவில் நக அலங்காரத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வியட்நாமியக் குடியேறிகள், அதிலும் பெண்கள். அவர்களின் கைகளும் அதே நீரில்தான் நனைகின்றன. சிறு கீறல் இருந்தாலும் கிருமி நுழையலாம். திரையைக் கழற்றிக் கழுவ நேரமோ பயிற்சியோ கையுறையோ தரப்படாத இடத்தில், பழியை அவர்கள்மேல் சுமத்துவது அநீதி. அங்கே கவனம் தவறியவர்கள் முதலாளியும் விதி வகுக்க வேண்டியவர்களும்தான். பின்னர் கலிபோர்னியா, நாள்தோறும் அந்தத் திரையைக் கழற்றிச் சுத்தம் செய்வதைக் கட்டாயமாக்கியது.